குறை, மனு, புகார்: புறநகரில் குடிமகன் உருவாகும் விதம்

1

ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்னும் சொற்களை நாம் படிக்கட்டுபோல அடுக்கிப் பழகியிருக்கிறோம். மேலே ஏற ஏற ரோடு அகலமாகும், குழாயில் தண்ணி வரும், சாக்கடை மண்ணுக்கடியில் போய்விடும் என்பது அந்த அடுக்கில் பொதிந்திருக்கும் கதை. 'வளர்ச்சி' என்ற பெருங்கதையாடலின் உள்ளூர்ப் பதிப்பு என்று இதைச் சொல்லலாம். புறநகரில் அரை கிரவுண்டு வாங்கிப் போட்டவர்கள் எல்லோரும் இந்தக் கதையை நம்பித்தான் வாங்கினார்கள். இந்தப் படியேற்றத்தில் கிடைத்தவை பற்றியும் கிடைக்காதவை பற்றியும் தினசரிகள் நிறையவே எழுதிவிட்டன. ஏறும்போது கைநழுவிப் போன ஒன்றைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. ஓர் ஊரின் வாக்காளர்கள் ஓரிடத்தில் கூடி, தங்களை நிர்வகிப்பவரிடம் நேருக்கு நேர் கணக்குக் கேட்பதற்குச் சட்டப்படி இருந்த கூட்டம்தான் அது.

2

சென்னை மாநகராட்சியின் பரப்பு 2011 அக்டோபரில் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சி அமைப்புகள் கலைக்கப்பட்டு 200 வார்டுகளுக்குள் அடக்கப்பட்டன. மடிப்பாக்கம், நீலாங்கரை, ஒக்கியம் துரைப்பாக்கம், முகலிவாக்கம் எல்லாம் அதுவரை ஊராட்சிகள். பத்தாண்டு கழித்து 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி உருவானது.

இந்த எல்லைக்கோடு என்றைக்கு வந்தது என்பதைவிட, அதற்கு முன்னால் எவையெல்லாம் வந்தன என்பது முக்கியம். பெருங்குடி தனிப் பேரூராட்சியாக இருந்த காலத்திலேயே, 1980களிலிருந்து, சென்னையின் குப்பை அங்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் கொட்டப்பட்டு வந்தது. அடுத்து, 2000 வாக்கில் தொடங்கி, கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பிறகு செம்மஞ்சேரிக்கும் கொண்டுவரப்பட்டன. ஆக, முதலில் நகரத்தின் குப்பை வந்தது. பிறகு நகரம் வேண்டாமென்று ஒதுக்கிய மனிதர்கள் வந்தார்கள். மாநகராட்சி என்ற பெயர்ப்பலகை கடைசியில்தான் வந்தது. தன் கழிவை வெளியே தள்ளி, தள்ளிய இடத்தைப் பிறகு தனதாக்கிக்கொள்வது மையம்/விளிம்பு உறவின் பழைய வழக்கம். இதில் பெருங்குடிக்காரரிடமோ கண்ணகி நகருக்கு வந்தவரிடமோ யாரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை.

மாறுபட்ட உதாரணம் ஒன்றும் உண்டு. 1990களின் பிற்பகுதியில் ஆலந்தூர் நகராட்சி பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் மக்களிடமே வாங்கியது. காசு கொடுத்தவன் கேள்வி கேட்பான். அதனால் நகராட்சி ஆட்கள் தெருத்தெருவாகப் போய் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. 5,000 ரூபாய் புரட்ட முடியாதவனின் குடிமை என்ன ஆவது என்ற கேள்வி இருக்கவே செய்கிறது. ஆனாலும் தனக்கென ஒரு மன்றம் இருந்ததால்தான் அந்தப் பேரமே நடக்க முடிந்தது. 2011-இல் ஆலந்தூரும் ஒரு மண்டலமாகச் சுருங்கியது.

3

இணைந்த பிறகு நிர்வாகம் பெரிதானது என்பதோடு அது பல துண்டாகவும் ஆனது. ரோடு மாநகராட்சிக்கு. தண்ணீரும் சாக்கடையும் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த குடிநீர் வாரியத்துக்கு. கம்பமும் கம்பியும் மின்வாரியத்துக்கு. ஒரே தெருவில் வெட்டிய ஒரே பள்ளத்துக்கு நாலு முதலாளி. கவுன்சிலரைக் கேட்டால், 'அது போர்டு வேலைங்க, நான் சொல்லிப் பாக்கறேன்' என்கிறார். மக்கள் தேர்ந்தெடுத்தவரே இன்னொருவரிடம் சொல்லிப் பார்க்கிறவராக ஆகிவிடுகிறார்.

இந்த நிலையில் குடிமகனுக்கு மிஞ்சும் மொழி என்ன? மூன்று சொற்கள்: குறை, மனு, புகார். இவற்றின் உள்ளே கொஞ்சம் நுழைந்து பார்க்கலாம். அகப்பொருள் இலக்கணத்தில் 'குறை' என்பது தலைவன் தோழியிடம் இரந்து நிற்கும் வேண்டுகோள். அவன் குறை சொல்வான். அவள் இன்று போய் நாளை வா என்கிற மாதிரி ஏதாவது சொல்லி அவனைத் தள்ளி நிறுத்துவாள். அதற்குச் 'சேட்படை' என்று பெயர். மண்டல அலுவலகத்துக்குப் போய் வந்த எவரும் சேட்படைத் துறைக்கு உரை எழுதத் தகுதி பெற்றுவிடுவார்கள்: 'ஏ.இ. சார் சைட்டுக்குப் போயிருக்காரு', 'எஸ்டிமேட் போட்டாச்சு', 'டெண்டர் விட்டதும் பாத்துடலாம்'. உருதுவிலிருந்து வந்த 'புகார்' என்ற சொல்லுக்கு மூலத்தில் கூப்பிடுதல், கூவி முறையிடுதல் என்று பொருள். கூவுவதற்கு ஒரு தொண்டை வேண்டும். அக்கம்பக்கத்தில் கேட்கிற காதும் வேண்டும். 1913-க்குப் போன் போட்டுப் பதியும் புகாரில் அந்தக் கூவல் ஓர் எண்ணாகிவிடுகிறது. அந்த எண் என் செல்போனில் இருக்கும். அதே தெருவிளக்குக்காக எதிர்வீட்டுக்காரர் பதிந்த எண் அவர் போனில் இருக்கும். இரண்டும் சந்தித்துக்கொள்வதே இல்லை. 'தங்கள் புகார் தீர்வு செய்யப்பட்டது' என்ற குறுஞ்செய்தி வந்த பிறகும் விளக்கு எரியாமலிருந்தால் அதற்கு இன்னொரு எண்.

இந்த ஏற்பாடு வேலையே செய்வதில்லை என்று நான் சொல்லவில்லை. பல நேரம் செய்கிறது. குப்பைத் தொட்டி நிறைந்தால் வண்டி வருகிறது. அது உற்பத்தி செய்யும் மனிதனைப் பற்றியதுதான் என் கவலை. அவன் தனித்தனியாகக் குறைபடுகிறவன், சேவை வாங்குகிறவன். தன் வார்டுக்கு எத்தனை ரூபாய் வந்தது, எந்தத் தெருவுக்குப் போனது, பக்கத்துக் குடிசைப் பகுதிக்கு ஏன் போகவில்லை என்று கேட்பதற்கு அந்தப் படிவத்தில் இடமே கிடையாது.

4

கூட்டம் இல்லாமல் போன வெற்றிடத்தில் வந்து உட்கார்ந்திருப்பவை குடியிருப்போர் நலச் சங்கங்கள். 1975-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு பெற்று, ரப்பர் ஸ்டாம்பும் லெட்டர்பேடும் வைத்திருப்பவை. இவை செய்த நல்ல காரியங்களை மறுக்க முடியாது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் மூழ்கியபோது, அரசு வருவதற்கு முன்னால் மாடியில் அடுப்பு மூட்டியவர்களில் சங்கத்துக்காரர்களும் உண்டு. சங்கமே இல்லாத இளைஞர்களும் உண்டு.

ஆனால் பெயரைக் கவனியுங்கள். சென்னைப் பேச்சுவழக்கில் 'குடியிருக்கறவங்க', 'குடித்தனக்காரங்க' என்றால் வாடகைக்கு இருப்பவர்கள். எனக்குத் தெரிந்த குடியிருப்போர் சங்கங்களில் பெரும்பாலானவற்றில் இந்தக் குடித்தனக்காரர்களுக்கு உறுப்பினர் அட்டை கிடையாது. வீட்டுச் சொந்தக்காரர்தான் உறுப்பினர். மேன்ஷனில் தங்கியிருக்கும் வேலைக்காரப் பிள்ளைகள், கட்டட வேலைக்கு வந்த ஒடியா, பீகார்த் தொழிலாளிகள், வீட்டு வேலைக்கு வரும் அக்காக்கள், தெருவைக் கூட்டுபவர்கள் எல்லோரும் 'நலம்' என்ற சொல்லுக்கு வெளியே நிற்கிறார்கள். பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தாக வேண்டும். அது பொதுச்சொத்து. ஆனால் சாவி சங்கச் செயலாளர் வீட்டில் தொங்கும். எத்தனை மணிக்குத் திறப்பது, பந்து விளையாடலாமா, 'வெளி ஆட்கள்' யார் என்பதையெல்லாம் சாவி தீர்மானிக்கும்.

பார்த்தா சாட்டர்ஜி குடிமைச் சமூகம், அரசியல் சமூகம் என்று பிரித்துப் பேசுகிறார். முந்தையது உரிமை பேசும் சிறு கூட்டம். பிந்தையது ஆளப்படும் மக்கள்தொகையாக மட்டும் எண்ணப்பட்டு, பேரம் பேசியே பிழைத்தாக வேண்டிய பெருங்கூட்டம். நம் புறநகரில் இரண்டுமே மனு எழுதுகின்றன. ஒன்று லெட்டர்பேடில் எழுதி ஆணையருக்கு நகல் வைக்கிறது; மற்றது வட்டச் செயலாளர் வீட்டு வாசலில் காலையில் போய் நிற்கிறது. கதவு வேறு, நிற்கும் தோரணை ஒன்றுதான். ஒரே கழிவுநீர் லாரிக்காகக் காத்திருக்கும் இந்த இருவரும் பேசிக்கொள்ள வாய்ப்பில்லாமல் இருப்பதுதான் நிர்வாகத்துக்கு வசதி.

5

இதையெல்லாம் சொன்னால், 'அப்போ கிராமமாவே இருந்திருக்கலாம்கிறியா?' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இல்லை. இந்திய கிராமத்தைக் குடியரசு என்று கொண்டாடியவர்களுக்கு 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் சொன்ன பதிலை மறந்துவிட்டுப் பேச முடியாது. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997-இல் கொல்லப்பட்டதும், பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 தொடங்கிப் பத்தாண்டுக் காலம் தலித் தலைவர்களை உட்காரவிடாமல் செய்ததும் இந்தத் தமிழ்நாட்டில்தான். நான் குடியிருக்கும் பகுதி ஊராட்சியாக இருந்தபோது கிராம சபைக்கு ஓரிரு முறை போயிருக்கிறேன். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து முன்கூட்டியே நிரம்பியிருக்கும். சேரிப் பெண்கள் ஷாமியானாவுக்கு வெளியே வெயிலில் நிற்பார்கள். ஆனால் வெளியே நின்றபடியே அவர்களில் ஒருவர் சத்தம் போட்டு, 'எங்க தெரு பைப்பு எங்கே போச்சு, தலைவரே?' என்று கேட்டதும், எல்லோர் முன்னிலையிலும் தலைவர் அதற்குப் பதில் சொல்லத் திணறியதும் நினைவிருக்கிறது. ஊராட்சிக் கணக்கைப் பார்க்கவும் தணிக்கை அறிக்கையை விவாதிக்கவும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பெண்ணுக்கு இடம் தந்திருந்தது. அது குறைபட்ட இடம்தான். ஆனால் குறைபட்ட ஜனநாயகத்தைச் சண்டை போட்டுச் சரிசெய்ய முடியும். இல்லாத கூட்டத்தில் சண்டைகூடப் போட முடியாது.

ஊர் மாநகராட்சி ஆனால் சாதி கரைந்துவிடும் என்ற நம்பிக்கையும் புறநகரில் பொய்த்திருக்கிறது. 'காலனி' என்ற ஒரு சொல் போதும். மனை போட்டு விற்றவர்கள் வைத்த காலனி நடுத்தர வர்க்கக் குடியிருப்பு. பழைய கிராமத்துக் காலனியோ தலித் குடியிருப்பு. ஊர் நகரத்தோடு இணையும்போது இரண்டு காலனிகளும் ஒரே வார்டில் அக்கம்பக்கத்தில் வந்து நிற்கின்றன. மழைநீர் வடிகால் முதலில் எந்தக் காலனிக்கு வருகிறது என்பதைப் பார்த்தே எது எது என்று சொல்லிவிடலாம். 2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்து இந்தச் சொல்லை நீக்கப் போவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. சொல் போன பிறகு வடிகால் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

6

74-ஆவது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது; 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கென்று பட்டியலிட்டது. ஆனால் கிராம சபைக்கு 73-ஆவது திருத்தம் தந்த இடத்தை நகரத்தின் எந்தச் சபைக்கும் அது தரவில்லை. அதற்கும் மேலே, தமிழ்நாட்டு நகரங்களில் 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே கிடையாது. தனி அலுவலர் ஆட்சிதான். வர்தா புயல், 2019-இன் தண்ணீர்ப் பஞ்சம், கொரோனா, 2021 நவம்பர் வெள்ளம் இவ்வளவும் கவுன்சிலர் என்று ஒருவர் இல்லாமலே கடந்து போயின. 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. ஏப்ரலில் சொத்து வரி 25-லிருந்து 150 விழுக்காடு வரை உயர்த்தப்பட்டது.

அதே 2022-இல் வார்டு குழு, பகுதி சபா ஆகியவற்றுக்கான விதிகள் வந்தன. சட்டத்தில் வழி செய்தது 2010-இல்; விதி எழுத 12 ஆண்டு. நவம்பர் 1-ஆம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, பல இடங்களில் பகுதி சபா கூடியது. இதன் பெரிய கோளாறு, பகுதிப் பிரதிநிதியை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள் என்பது. நியமனம் என்றால் கட்சிக்காரருக்கோ சங்கச் செயலாளருக்கோதான் போகும். என்றாலும் இந்த ஓட்டையான பாத்திரத்தை விட்டுவிடக் கூடாது என்பதே என் வாதம். காரணம் எளிது: அங்கே வர வேண்டியவர் வாக்காளர், வீட்டுச் சொந்தக்காரர் அல்லர். குடித்தனக்காரரும், கண்ணகி நகர்க்காரரும், குப்பை வண்டி தள்ளுபவரும் தம் வார்டில் உறுப்பினர் அட்டை இல்லாமலே நுழையக்கூடிய நாற்காலி இன்றைக்கு அது ஒன்றுதான்.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியாருக்கு விட்டதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள், நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். தெருவைக் கூட்டுபவர் யாரிடம் வேலை பார்ப்பது, என்ன கூலிக்கு என்பது அந்தத் தெருவின் விவகாரமில்லையா? அதை ஒரு பகுதி சபாவில் யாராவது தீர்மானமாகக் கொண்டுவர முடியுமா? முடியாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. நாம் கேட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நுண் அரசியல் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியும் படித்தும் வருகிற நமக்கு, நம் வார்டு எண் தெரியுமா, அடுத்த சபா எந்தத் தேதி, எந்தக் கல்யாண மண்டபத்தில் என்று தெரியுமா? தெரியாதென்றால் முதல் வேலை அதைக் கேட்பது. இரண்டாவது, போன கூட்டத்தின் தீர்மான நகலை வாங்குவது. மூன்றாவது, தனியாகப் போகாமல் எதிர்வீட்டுக் குடித்தனக்காரரையும் பின்தெருக் காலனிக்காரரையும் கூட்டிக்கொண்டு போவது. மனு எழுதிக் கொடுக்க இவ்வளவு பேர் தேவையில்லை. கணக்குக் கேட்கத் தேவை.