யானையைக் கொடுத்தவர் போட்ட கணக்கு

தீபாவளி நெருங்கும் நேரத்தில் மொத்த வியாபாரி ஒருவர் சர்க்கரையைக் கொள்முதல் விலைக்கும் கீழே தருகிறார் என்றால், உடனே வண்டி அனுப்புவோமா? பழகிய வியாபாரி, "இவர் இதை எதில் பிடிக்கப் போகிறார்?" என்றுதான் முதலில் யோசிப்பார். இதே கேள்வி நம் விஸ்வநாதன் ஆனந்துக்குச் சதுரங்கப் பலகையில் வந்தது.

1995 செப்டம்பர். நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் 107-வது மாடியில் ஆனந்தும் ரஷ்யாவின் காரி காஸ்பரோவும் உலகப் பட்டத்துக்காக மோதினார்கள். 20 ஆட்டங்கள் என்று ஏற்பாடு. முதல் எட்டும் டிரா. ஒன்பதாவதில் ஆனந்த் ஜெயித்தார். கனகசெட்டிக்குளத்தில் கடை திறந்ததும் கல்லாவில் உட்கார்ந்து நாளிதழில் அந்தச் செய்தியை இரண்டு முறை படித்தேன். பட்டம் சென்னைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தோம்.

செப்டம்பர் 26-ல் பத்தாவது ஆட்டம். காஸ்பரோவுக்கு வெள்ளைக் காய். ஆறாவது ஆட்டத்தில் டிராவில் முடிந்த அதே பாதையில் இருவரும் சென்றார்கள். 14-வது நகர்த்தலில் காஸ்பரோவ் மாற்றினார். முன்னாள் சாம்பியன் மிகையில் தாலின் யோசனைப்படி பிஷப்பைப் பின்வாங்கினார். அடுத்ததில் குதிரையை முன்னே நீட்டி, மூலையிலிருந்த யானையைக் காவலின்றி விட்டுவிட்டார்.

காய்களுக்கு ஒரு விலைப்பட்டியல் உண்டு. சிப்பாய் 1, குதிரையும் பிஷப்பும் 3, யானை 5. ஐந்து புள்ளிச் சரக்கைச் சும்மா கொடுப்பது சாதாரணக் காரியமல்ல. ஏற்கெனவே ஒரு ஆட்டம் பின்தங்கியவர் இதிலும் தோற்றால் இரண்டு பின்னே. ஆனந்த் 17-வது நகர்த்தலில் யானையை எடுத்தார்.

கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. ஆனந்தின் ராஜா கோட்டை கட்டாமல் நடுவிலேயே நின்றது. அவருடைய ஒரு யானையும் பிஷப்பும் இடம்விட்டு அசையவில்லை. ராணியோ எதிரி மூலையில் போய் ஒதுங்கிவிட்டது. 19-வது நகர்த்தலில் காஸ்பரோவ் பிஷப்பை நகர்த்தியதும், பின்னால் நின்ற அவரது இன்னொரு யானை அந்த ராணியைக் குறிவைத்தது. ராணி ஓடியாக வேண்டும். அந்த இடைவெளியில் பிஷப் ஒரு சிப்பாயைத் தின்று, 21-வதில் யானையையும் எடுத்தது. ராணிகள் வெட்டுப்பட்டு முடிந்தபோது வெள்ளைக்கு ஒரு சிப்பாய் அதிகம். அசல் வந்துவிட்டது, வட்டியாக ஒரு சிப்பாய். 38 நகர்த்தல்களில் ஆனந்த் ஒப்புக்கொண்டார்.

பார்த்தவர்களுக்கு அது துணிச்சல். ஆனால் காஸ்பரோவும் அவருடைய குழுவும் அதை அறையில் உட்கார்ந்து முன்கூட்டியே அலசியிருந்தார்கள். அவர் மளமளவென்று ஆடினார். ஆனந்தோ கடிகாரம் ஓட ஓடப் பலகையின் முன்னால் கணக்குப் போட வேண்டியிருந்தது. ஒரே சரக்குதான், ஒருவருக்கு விலை தெரியும், மற்றவர் மூட்டையைத் தட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். சந்தையில் இந்த நிலையில் நின்றவர்களுக்கு அவர் பாடு புரியும். அடுத்து 11, 13, 14-வது ஆட்டங்களும் போயின. முடிவு 10½ – 7½.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. 2013 ஜனவரியில் நெதர்லாந்தின் விக் ஆன் சீ நகரில் ஆனந்த், அப்போது உலகச் சாம்பியன், ஆர்மீனியாவின் லெவோன் அரோனியனைக் கறுப்புக் காயுடன் சந்தித்தார். இந்த முறை பிஷப்பையும் குதிரையையும் வெட்டுக்கு நீட்டியவர் ஆனந்த். அரோனியனின் குதிரை 19-வது நகர்த்தலில் அவருடைய யானையையும் எடுத்தது. ஆனந்த் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு சிப்பாயை முன்னே தள்ளி, வெள்ளை ராஜாவின் பக்கமே போனார். 2012-ல் மாஸ்கோவில் கெல்ஃபாண்டுடன் மோதுவதற்காகத் தயார் செய்து, அங்கே செலவாகாமல் கிடங்கில் இருந்த சரக்கு அது. 23 நகர்த்தல்களில் அரோனியன் கை கொடுத்துவிட்டார்.