முப்பது கிலோபைட் முந்தானை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டுத்தறி ஓடும் வீட்டுக்குள் நுழைந்தால் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியும், அதிலிருந்து மாலை மாலையாகத் தொங்கும் அட்டைகளும் முதலில் கண்ணில் படும். ஊடை ஒரு தடவை ஓட ஓர் அட்டை. அட்டையில் துளை இருந்தால் கொக்கி மேலே போய்ப் பாவு இழையைத் தூக்கும். இல்லாவிட்டால் இழை கிடந்த இடத்திலேயே கிடக்கும். பிரான்சில் ஜோசப் மாரி ஜக்கார்டு 1804-இல் செய்த ஏற்பாடு இது.

அட்டை மட்டுமே இருந்த காலத்தில் டிசைனைத் திருடுகிறவன் ஒரு கட்டு அட்டையைத் தோளில் சுமக்க வேண்டும். இப்போது டிசைன் ஃபைலாகிவிட்டது, கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு முந்தானைக்கு 240 கொக்கி, 1,000 அட்டை என்றால் 2,40,000 இடங்கள். ஒவ்வொன்றிலும் துளை உண்டா இல்லையா என்பதுதான் செய்தி, அதாவது ஒரு பிட். எட்டு பிட் ஒரு பைட். மொத்தம் 30 கிலோபைட். செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவே இதைப்போல நூறு மடங்கு வரும். நாள் கணக்கில் கட்டம் கட்டமாக நிரப்பிய யாளியும் அன்னமும் சாவிக்கொத்தில் ஆடுகிற பென்டிரைவில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

அந்தப் பென்டிரைவ் ஓரிடத்தில் இருப்பதில்லை. டிசைன் வரைகிறவரிடமிருந்து அட்டை அடிக்கும் கடைக்கு, சில இடங்களில் நேராக எலக்ட்ரானிக் ஜக்கார்டுக்கு. வழியில் பாதுகாப்பு என்று நம்மில் பலர் செய்வது ஃபோல்டரை மறைத்து வைப்பது. அது பூட்டே அல்ல. மறைந்தவற்றைக் காட்டு என்று அடுத்த கம்ப்யூட்டரில் ஒரு டிக் போட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும்.

விண்டோஸில் ‘இந்த ஃபோல்டரை நான் மட்டும் திறக்கலாம்’ என்று அனுமதி குறிக்கும் வசதியும் உண்டு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் வாங்கும் பென்டிரைவ் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் வரும். அவற்றில் அனுமதி எழுத இடமே கிடையாது. என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றினால் எழுதலாம். ஆனால் ‘நான்’ என்பது உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் உங்களுக்குக் கொடுத்த ஓர் எண். அடுத்த கம்ப்யூட்டருக்கு அந்த எண் யாரென்றே தெரியாது. அங்கே அட்மினாக இருப்பவர் ஃபோல்டரைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டு திறந்துவிடுவார். வாசலில் நின்ற காவலாளி வீட்டோடு நின்றுவிட்டார். பெட்டி மட்டும்தான் பயணம் போகிறது.

ஆகவே பெட்டிக்குள் இருப்பதையே மாற்ற வேண்டும். குறியாக்கம் என்பது அதுதான். செவன்-ஜிப்பில் ஏஇஎஸ் முறையில் பாஸ்வேர்டு போட்டுக் கட்டிய ஃபைல் எந்தக் கம்ப்யூட்டருக்குப் போனாலும் பாஸ்வேர்டு இல்லாதவருக்கு வெறும் குப்பை. பாஸ்வேர்டு நீளமாக, ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. பிறந்த தேதியை வைத்தால் ஏஇஎஸ் என்ன செய்யும்? விண்டோஸின் பிட்லாக்கர் முழு டிரைவையும் பூட்டும், ஆனால் மேக் கம்ப்யூட்டர் அதைத் தானாகத் திறக்காது. வெராகிரிப்ட் இரண்டிலும் ஓடும். ஆனால் விண்டோஸில் நிறுவாமல் ஓட்ட அட்மின் அனுமதி கேட்கும், கடைக்காரர் தரமாட்டார்.

பூட்டால் ஆகாத காரியங்களும் உண்டு. படிக்க முடியாத ஃபைலை அழிக்க முடியும். ஷார்ட்கட் வைரஸ் உள்ள கம்ப்யூட்டரில் செருகினால் உங்கள் ஃபோல்டர்கள் மறைந்து, அதே பெயரில் போலிகள் வந்து உட்காரும். அவற்றைச் சொடுக்கினால் வைரஸ் அடுத்த கம்ப்யூட்டருக்கும் தாவும். கடையில் பாஸ்வேர்டு போட்டுத் திறந்த நிமிடமே அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு நகல் தங்கிவிடலாம். அட்டை அடிப்பவர் டிசைனைப் பார்க்காமல் அட்டை அடிக்க முடியாது அல்லவா? பூட்டு காப்பது வழியில் தொலைந்தால் பிறர் திறப்பதிலிருந்து மட்டும்; கைமாறிய பிறகு ஆளை நம்பித்தான் ஆக வேண்டும்.

சட்டத்தின் துணை உண்டா என்றால், காஞ்சிபுரம் பட்டு என்ற பெயருக்கு 2005 முதல் புவிசார் குறியீடு காவல் நிற்கிறது. உங்கள் புட்டா டிசைனுக்கு அது பொருந்தாது. அதற்கு வடிவமைப்புச் சட்டம், 2000 இருக்கிறது: பதிவு செய்தால் 10 ஆண்டு, நீட்டித்தால் மேலும் 5. ஆனால் விண்ணப்பிக்கும் முன் வெளியே வராத புது டிசைனாக இருக்க வேண்டும். அதுவரை மூலப்பிரதி வீட்டில் இருக்கட்டும். கடைக்குப் போகும் பென்டிரைவில் அன்றைக்கு அடிக்க வேண்டிய ஒரு டிசைன் மட்டும் போகட்டும்.