புல்ட் பீஃப்

புல்ட் பீஃப் என்பது மாட்டின் தோள்பட்டை இறைச்சியைப் பெரிய துண்டாகவே மூடிய அடுப்பில் வைத்து, விறகுப் புகையிலும் மிதமான வெப்பத்திலும் பல மணி நேரம் வேகவிட்டு, பின்னர் நார்நாராகப் பிய்த்துப் பரிமாறும் அமெரிக்க உணவாகும். 'பிய்த்த மாட்டிறைச்சி' என்பது பெயரின் நேர்ப்பொருள். ஐக்கிய அமெரிக்காவில், குறிப்பாக டெக்சஸ் மாநிலத்தில், விருந்துகளுக்கு வீட்டின் பின்புறத் திறந்தவெளியில் இதைச் சமைப்பதுண்டு. இது உப்புக்கண்டம் போல இறைச்சியைக் கெடாமல் வைத்திருக்கும் முறை அன்று. இங்கே புகை சுவைக்காகவே சேர்க்கப்படுகிறது. எனவே வெந்த இறைச்சி சாதாரணக் கறிக்குழம்பைப் போலவே கெடக்கூடியது. பெருங்கூட்டத்துக்குச் சமைப்போர் எளிதில் மறந்துவிடுவது இதைத்தான்.

பின்னணி

டெக்சஸ் பார்பிக்யூ பல மக்களின் கைப்பழக்கம் சேர்ந்து உருவானது. 19ஆம் நூற்றாண்டில் நடு டெக்சசில் குடியேறிய ஜெர்மானிய, செக் இறைச்சிக் கடைக்காரர்கள் விற்காமல் மிஞ்சிய இறைச்சியைப் புகையூட்டி விற்றனர். குழி வெட்டி, விறகுத் தணலில் இரவு முழுதும் இறைச்சியை வாட்டும் தேர்ச்சி ஆப்பிரிக்க அமெரிக்கரிடம் இருந்தது. தெற்கே மெக்சிக்க மரபினர் மாட்டுத் தலையைக் குழியிலிட்டு மூடி வேகவைத்து, பிய்த்து உண்டனர். அதன் பெயர் பார்பகோவா. டெக்சசில் நெஞ்சுப் பகுதியான பிரிஸ்கட்டைப் பிய்ப்பதில்லை, துண்டு போடுவதே வழக்கம். பிய்ப்பதற்குத் தோள்பட்டையே ஏற்றது.

இச்சமையல் தொடக்கம் முதலே கூட்டத்துக்கானது. 1963 டிசம்பரில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன், மேற்கு ஜெர்மனியின் தலைமை அமைச்சர் லுட்விக் எர்ஹார்டுக்கு டெக்சசில் அளித்த அரசு விருந்தே ஒரு பார்பிக்யூதான். ஏறத்தாழ 300 பேருக்கான அந்த விருந்து, குளிர் காரணமாக ஸ்டோன்வால் என்ற சிற்றூரின் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்துக்கு மாற்றப்பட்டது.

இறைச்சிக்குள் நடப்பது

தோள்பட்டை, மாடு நடக்கும்போதெல்லாம் உழைக்கும் தசை. அதில் கொலாஜன் என்னும் இணைப்புப் புரதம் மிகுதி. கறி கடினமாக இருப்பதற்குக் காரணம் அதுவே. மாட்டிறைச்சித் துண்டின் நடுப்பகுதி 63 பாகை செல்சியசை எட்டி 3 நிமிடம் கழிந்தால் உண்ணப் பாதுகாப்பானது. ஆனால் தோள்பட்டையை அந்நிலையில் எடுத்தால் ரப்பரை மெல்வது போலிருக்கும். 70 பாகைக்கு மேல் நெடுநேரம் இருந்தால்தான் கொலாஜன் கரைந்து ஜெலாட்டினாக மாறும். நடுப்பகுதி 93 முதல் 96 பாகையை எட்டும்போது, முள்கரண்டியால் தொட்டதும் நார்கள் பிரிகின்றன. பாதுகாப்பான வேக்காடு வேறு, பிய்க்கத் தகுந்த வேக்காடு வேறு.

இடையில் ஒரு விந்தை உண்டு. 65 முதல் 75 பாகைக்குள் வெப்பமானியின் முள் இரண்டு மூன்று மணி நேரம் நகராமல் நின்றுவிடும். அடுப்பு அணைந்துவிட்டதோ என்று புதியவர்கள் விறகை அள்ளிப் போடுவது இப்போதுதான். உண்மையில் இறைச்சியின் மேற்பரப்பிலிருந்து ஈரம் ஆவியாகி, அடுப்பு தரும் வெப்பத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறது. மண்பானை நீர் குளிர்வதும் இதே காரணத்தால்தான். இறைச்சியை அலுமினியத் தாளில் இறுகச் சுற்றினால் ஆவியாதல் நின்று வெப்பம் மீண்டும் ஏறும். ஆனால் மிளகும் உப்பும் சேர்ந்து உண்டான மொறுமொறுப்பான கரிய மேற்புறம் சற்று இளகிவிடும்.

வெட்டும்போது விளிம்பையொட்டித் தெரியும் இளஞ்சிவப்பு வளையம் வேகாமையின் அடையாளம் அன்று. புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு, தசையின் நிறமியான மையோகுளோபினோடு சேர்வதால் வரும் நிறம் அது.

நெருப்பும் புகையும்

அடுப்பின் உள்வெப்பம் 107 முதல் 135 பாகை வரை இருக்கலாம். தணல் ஒரு பக்கமும் இறைச்சி மறுபக்கமும் இருக்க வேண்டும். இறைச்சிக்கு நேர்கீழே நெருப்பு கூடாது. நடு டெக்சசில் போஸ்ட் ஓக் என்னும் கருவாலி வகை விறகை விரும்புவர். மேற்கே மெஸ்கீட் பயன்படுகிறது. மெஸ்கீட், தமிழ்நாட்டுச் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு. அதன் புகை காரமானது, அளவு மீறினால் கசக்கும். பிசின் நிறைந்த ஊசியிலை மரங்கள் ஆகா. அடர்ந்த வெண்புகை நல்லதென்பது தவறான எண்ணம். கண்ணுக்கு அரிதாகத் தெரியும் மெல்லிய நீலப்புகையே நல்ல சுவை தரும்.

மழை வந்தாலும் கரியடுப்பை வீட்டுக்குள்ளோ வாகனக் கொட்டகைக்குள்ளோ நகர்த்தக் கூடாது. மணமற்ற கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிரைப் பறித்துவிடும்.

20 பேருக்கு

ஒருவருக்கு 150 கிராம் வெந்த இறைச்சி என்றால் 3 கிலோ தேவை. நீரும் கொழுப்பும் வடிந்து எடை ஏறத்தாழப் பாதியாவதால் 6 கிலோ பச்சை இறைச்சி வாங்க வேண்டும். அதை ஒரே பாளமாக வாங்குவதைவிட 2 கிலோ அளவில் மூன்று துண்டுகளாக வாங்குவது மேல். வேகும் நேரத்தைத் தீர்மானிப்பது மொத்த எடை அன்று, துண்டின் பருமனே. இடைவெளி விட்டு வைத்தால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றின் நேரத்திலேயே வெந்துவிடும்: 120 பாகையில் 7 முதல் 9 மணி நேரம்.

இந்த இரண்டு மணி நேர வேறுபாட்டை முன்கூட்டிச் சொல்ல யாராலும் இயலாது. ஆகவே விருந்து நேரத்துக்குச் சரியாக முடியும்படி தொடங்குவது வீண் துணிச்சல். மூன்று மணி நேரம் முன்னதாகவே முடியும்படி தொடங்கி, தாளில் சுற்றிய இறைச்சியைத் துணியால் போர்த்து, வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் காலிசெய்த ஐஸ் பெட்டியில் மூடி வைப்பதே அனுபவசாலிகளின் வழி. குளிரைக் காக்கும் பெட்டி சூட்டையும் காக்கும். வெப்பமானி 60 பாகைக்கு மேல் காட்டும் வரை கவலையில்லை. பரிமாறுவதற்குச் சற்று முன்புதான் பிய்க்க வேண்டும். பிய்த்த கறி விரைவில் ஆறி உலர்ந்துவிடும். தாளில் தேங்கிய சாற்றின் கொழுப்பை நீக்கிவிட்டு, கறியிலேயே ஊற்றிப் புரட்டலாம்.

மிச்சமான கறி

கிளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் சமையல் சூட்டிலும் சாவதில்லை. பெரிய பாத்திரத்தில் குவித்த கறி மெல்ல ஆறும்போது அவை முளைத்து வேகமாகப் பெருகும். கறியின் மணமோ நிறமோ மாறாது. உண்டவர்களுக்கு 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வயிற்றுவலியும் பேதியும் வரும். எனவே மேசையில் வைத்த கறியை 2 மணி நேரத்துக்குள்ளும், வெளி வெப்பம் 32 பாகையைத் தாண்டிய நாளில் 1 மணி நேரத்துக்குள்ளும், ஆழமில்லாத தட்டுகளில் பரப்பிக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். மூன்று நான்கு நாட்களுக்குள், சிறிது சாறு சேர்த்து 74 பாகை வரை சூடாக்கி உண்ணலாம்.