துப்பறியும் புதின மொழிபெயர்ப்பில் பால்காட்டு விகுதிகள்: நையோ மார்ஷின் முதற் புதினத்தை முன்வைத்து

0. முன்னுரை

துப்பறியும் புதினம் ஆசிரியருக்கும் படிப்பவருக்கும் இடையே நிலவும் ஓர் உடன்பாட்டின்மேல் அமைவது. குற்றவாளியைக் கண்டறியத் தேவையான தடயங்கள் அனைத்தும் படிப்பவர்முன் வைக்கப்பெற வேண்டும். ஆயினும் விடை இறுதிவரை மறைந்திருத்தல் வேண்டும். ரொனால்டு நாக்ஸ் 1929இல் வெளியிட்ட பத்து விதிகளின் சாரம் இதுவே. ஆங்கில மூலத்தில் இவ்வுடன்பாட்டைக் கதையமைப்பே பெரும்பாலும் காத்துவிடுகிறது. தமிழிலோ வினைமுற்றின் ஈறு ஒன்றே அதனை முறித்துவிடக்கூடும். இச்சிக்கலின் இயல்பையும் அதற்குத் தமிழ் இலக்கண மரபும் இக்கால வழக்கும் தரும் தீர்வுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

1. எடுத்துக்கொண்ட நூல்

நியூசிலாந்தில் பிறந்த நையோ மார்ஷ் (1895-1982) எழுதிய முதற் புதினம் 'எ மேன் லே டெட்' 1934இல் வெளிவந்தது. நைஜல் பாத்கேட் என்னும் இளம் பத்திரிகையாளர், சர் ஹியூபர்ட் ஹேண்ட்ஸ்லியின் நாட்டுப்புற மாளிகைக்கு வார இறுதி விருந்தினராகச் செல்கிறார். செல்வமும் நாகரிகமும் மிக்க விருந்தினர்கள் அங்குக் 'கொலை விளையாட்டு' ஒன்றில் ஈடுபடுகின்றனர். ஒருவருக்கு மட்டும் கமுக்கமாக அடையாளம் ஒன்று தரப்படும். அவரே விளையாட்டின் 'கொலையாளி'. விளக்குகள் அணைகின்றன, சேகண்டி ஒலிக்கிறது. மீண்டும் வெளிச்சம் வரும்பொழுது நைஜலின் உறவினர் சார்லஸ் ராங்கின் உண்மையிலேயே குத்துண்டு இறந்து கிடக்கிறார். விசாரணையை நடத்துபவர் ஸ்காட்லாந்து யார்டைச் சேர்ந்த ஆலின். அவருக்குத் துணைநிற்பவர் நைஜல்.

துப்பறியும் பத்திரிகையாளர் இவ்வகை இலக்கியத்திற்குப் புதியவர் அல்லர். காஸ்தோன் லெரூ 1907இல் படைத்த ரூல்தபீயும், இ. சி. பென்ட்லி 1913இல் படைத்த டிரென்டும் அவருக்கு முன்னோடிகள். எனினும் கமுக்கமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட, பால் அறியப்படாத ஒருவரை மையமாகக் கொண்டிருப்பதால் மார்ஷின் நூல் மொழியியல் நோக்கில் தனிக் கவனம் பெறுகிறது.

2. பால் ஐயம்

ஆங்கில வினைமுற்று பால் காட்டுவதில்லை. தமிழ் வினைமுற்று காட்டும். 'யாரோ படியில் இறங்கி' என்பதுவரை எழுதிய மொழிபெயர்ப்பாளர், 'வந்தான்', 'வந்தாள்', 'வந்தார்' என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். பால் தெரியாத ஒருவரை ஆண்பாற் சுட்டால் குறிப்பது 1930களின் ஆங்கில உரைநடையில் பொது வழக்கு. அதனை 'அவன்' என அப்படியே பெயர்த்தால், கொலை செய்தது ஓர் ஆண் என்று கதைசொல்லி உறுதி கூறுவதாகத் தமிழ்ப் படிப்பவர் கொள்வர். ஐயத்திற்குரிய பெண்கள் அனைவரும் அந்த ஒரு விகுதியால் விடுவிக்கப்பட்டுவிடுவர்.

இந்நிலையைத் தொல்காப்பியர் முன்பே கருதியுள்ளார். ஆணோ பெண்ணோ எனப் பால் ஐயம் தோன்றுமிடத்துப் பன்மையாற் கூறுக என்பது கிளவியாக்கத்துள் அவர் வகுத்த விதி. மக்களோ பிறிதோ எனத் திணையே ஐயமாகுமிடத்து 'உருபு' போன்ற பொதுச்சொல்லால் கூறுவதற்கும் அவர் இடமளித்துள்ளார். இருளில் அசைவது ஆளோ, திரைச்சீலையோ என்று ஐயுறும் காட்சிக்கு 'ஓர் உருவம் அசைந்தது' என்னும் இக்கால நடை இவ்விதியின் தொடர்ச்சியே எனலாம்.

3. மரியாதை விகுதி தரும் தடயம்

தொல்காப்பியர் விதியை இன்று அப்படியே கைக்கொள்வதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பலர்பாலுக்குரிய 'ஆர்' ஈறு இக்காலத் தமிழில் ஒருமைக்குரிய மரியாதை விகுதியாக நிலைபெற்றுவிட்டது. ஆகவே அது பாலை மறைத்தாலும் தகுதியை வெளிப்படுத்திவிடுகிறது.

பணியாளரை 'வந்தான்' என்றும் விருந்தினரை 'வந்தார்' என்றும் எழுதுவது பழைய மொழிபெயர்ப்பு நடை. இப்புதினத்தில் வாசிலி என்னும் ரஷ்யப் பணியாளர் ஒருவர் உளர். அவரும் ஐயத்திற்கு உள்ளாகிறார். அவர் 'தட்டைக் கொண்டு வந்தான்' என்றும், இருளில் நடமாடிய ஆள் 'படியருகே நின்றார்' என்றும் எழுதப்பட்டால், நின்றவர் வாசிலி அல்லர் என்பது விகுதியாலேயே தெரிந்துவிடும். மூலத்தில் இல்லாத தடயம் ஒன்றை மொழிபெயர்ப்பு தானே உண்டாக்கிவிடுகிறது. எனவே மாந்தர் அனைவருக்கும் ஒரே விகுதியைக் கையாளுதல் சமூக நாகரிகம் மட்டுமன்று; புதிரைக் காக்கும் தேவையும் ஆகும்.

விகுதியைத் தவிர்க்கும் வழிகளும் தமிழில் உள்ளன.

அ. பிளவுத் தொடர்: 'விளக்கை அணைத்தது யார்?' என்பதில் 'அணைத்தது' பால், எண், மரியாதை மூன்றையும் நடுநிலையாக்குகிறது. 'அணைத்தவன் யார்?' என்பதற்கு இந்நடுநிலை இல்லை.

ஆ. தன்வினை, பிறவினை வேறுபாடு: 'விளக்கு அணைந்தது' என்பது செய்தவரை முற்றிலும் மறைக்கிறது. 'விளக்கு அணைக்கப்பட்டது' என்பது செய்தவர் ஒருவர் உண்டு என உணர்த்தி, அவர் இன்னார் என்பதை மட்டும் மறைக்கிறது. தற்செயலா, சதியா என்னும் ஐயமே கதையின் உயிராக இருக்குமிடத்து முன்னதே பொருந்தும்.

4. உறவுப்பெயர்

ராங்கினும் நைஜலும் பெற்றோரின் உடன்பிறப்பு வழி உறவினர். இதற்குரிய ஆங்கிலச் சொல் ஒன்றே. தமிழில் பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமன், பெரியம்மா, சித்தி ஆகியோருள் எவர் மகன் என்பதைச் சுட்டும் பல தொடர்கள். குடும்பப் பெயர்கள் வேறுபடுவதால் இவர்கள் இரு சகோதரர்களின் மக்களாயிருத்தல் அரிது. அதற்குமேல் அப்பெயர்கள் எதனையும் உறுதிப்படுத்தவில்லை. ராங்கினின் சொத்து நைஜலைச் சேர்வதால் உறவு ஐயத்திற்குக் காரணமாகிறது. தாய்வழி, தந்தைவழி என மொழிபெயர்ப்பாளர் தாமே குறித்துவிட்டால் மூலத்தில் இல்லாத செய்தி புகுந்துவிடும். 'உறவினர்' என்னும் பொதுச்சொல் நெருக்கத்தைக் குறைத்தாலும் பிழை செய்யாது. 'நெருங்கிய உறவினர்' என்பது ஏற்கத்தக்க இடைவழி.

5. இறப்பைக் குறிக்கும் சொற்கள்

'இறந்து கிடந்தார்', 'கொல்லப்பட்டுக் கிடந்தார்', 'உடல் கிடந்தது' ஆகிய மூன்றும் ஒரே காட்சியைக் குறிப்பினும் ஒரே அளவு செய்தியைத் தருவன அல்ல. முதலாவது இறப்பை மட்டும் கூறுகிறது. இரண்டாவது காரணத்தையும் முடிவு செய்துவிடுகிறது. மூன்றாவதில் உயர்திணை அஃறிணையாகிறது. உயிரோடு உரையாடியவர் எவ்விடத்தில் 'அது' ஆகிறார் என்பதை ஆங்கில மூலம் பல இடங்களில் சொல்லாமல் விடலாம், தமிழ் விடாது. இறந்தவரை அறிந்த நைஜலின் பார்வையில் 'கிடந்தார்' என்பதும், காவலரின் அறிக்கையில் 'உடல்' என்பதும் பொருந்தும். இவ்வேறுபாட்டைப் போற்றினால் பத்திரிகையாளரின் துயரும் துப்பறிவாளரின் பணிநோக்கும் விளக்கமின்றியே புலப்படும்.

6. முடிவுரை

மூலம் மறைப்பதை மறைத்தலும் மூலம் கூறுவதைக் கூறுதலும் எல்லா மொழிபெயர்ப்புக்கும் பொது. துப்பறியும் புதினத்தில் இவற்றுள் ஒன்று தவறினும் நூலின் பயன் கெடும். பாலும் தகுதியும் காட்டும் விகுதிகள் தமிழின் குறையல்ல. அவற்றை நடுநிலையாக்கும் வடிவங்களையும் அம்மொழியே கொண்டுள்ளது. மொழிபெயர்ப்பாளர் முதலில் நூலை இறுதிவரை படித்துக் குற்றவாளியை அறிந்துகொள்ளுதல் வேண்டும். அதன்பின், அவர் தோன்றும் ஒவ்வோர் இடத்திலும் விகுதி அவரைக் காட்டிக்கொடுக்கிறதா என்பதையும், குற்றமற்றவர் எவரையேனும் முன்கூட்டியே விடுவிக்கிறதா என்பதையும் சேர்த்தே சோதித்தல் வேண்டும்.