பதின்மூன்று வயதில் விசாரிக்க ஓர் ஆள்

ஜொகூரின் ரப்பர் தோட்டங்களில் தமிழ்ப்பள்ளி லயத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். வாத்தியாரும் அங்கேயே குடியிருப்பார். பையன் ஒருநாள் மட்டம் போட்டால் சாயங்காலம் வாசலில் வந்து நின்று, "எங்கடா போன இன்னிக்கு?" என்று கேட்டுவிடுவார். 1950களில் மாணவர் மணிமன்றமும் பிறகு தமிழ் இளைஞர் மணிமன்றமும் வந்தபோது, நாலெழுத்துப் படித்த அண்ணன்மார் சின்னப் பிள்ளைகளை மேடையேற்றிப் பேசவைத்தார்கள். அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லமாட்டேன். அந்த அக்கறை தோட்டத்து எல்லையைத் தாண்டவில்லை. ஆறாம் ஆண்டு முடிந்ததும் பலர் பால் வெட்டப் போனார்கள்.

1982இல் மலாயாப் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளர் டாக்டர் தம்பிராஜா ஸ்ரீ முருகன் நிலையம் என்ற கல்வி அமைப்பைத் தொடங்கினார். பல்கலைக்கழக மாணவர்களே தொண்டூழியர்களாகப் பாடம் நடத்தினார்கள். தன்னைப் போன்ற வீட்டிலிருந்து போன ஓர் அக்கா எதிரே உட்கார்ந்து கணக்குச் சொல்லித் தருவதைப் பார்க்கும் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் எட்டாத இடமாகத் தெரியாது. பத்துமலைக்குப் போகும் கல்வி யாத்திரையில் பெற்றோரும் சேர்ந்துகொண்டார்கள்.

இன்று பொந்தியான் பக்கம் எங்கும் செம்பனை. குடும்பங்கள் தாமான்களுக்கு வந்துவிட்டன. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அப்பா விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுகிறார். தேர்வுகளும் குறைந்துவிட்டன: ஆறாம் ஆண்டின் யுபிஎஸ்ஆர் 2021இலும் மூன்றாம் படிவத்தின் பிடி3 2022இலும் ரத்தாயின. பிஞ்சு வயதில் பரீட்சைப் பயம் ஒழிந்தது நல்லதுதான். ஆனால் தமிழில் படித்த பிள்ளை மலாய்மொழி இடைநிலைப்பள்ளிக்குள் நுழைந்தபின், ஐந்தாம் படிவத்தில் எஸ்பிஎம் எழுதும்வரை, அவன் பின்தங்கியதை ஊரறியக் காட்ட ஒரு பொதுத்தேர்வும் இல்லாமல் போனது.

இரண்டாம் படிவத்தில் தடுமாறும் பையனின் கணக்கு நோட்டைத் திறந்து பாருங்கள். முதல் பக்கங்களில் கோடு போட்டு எழுதிய தேதி, முழுசாகச் செய்த கணக்கு, ஆசிரியரின் சிவப்பு மை. கொஞ்சம் தள்ளிப் போனால் பாதியில் நின்ற கணக்குகள். பிறகு வெறும் தேதி. அப்புறம் தேதியும் இல்லை. எந்த வாரத்தில் கைவிட்டான் என்பது அதிலேயே இருக்கிறது.

படிப்பை விட்டவர்களுக்குக் கைத்தொழில் கற்றுத்தர 2011இல் மைஸ்கில்ஸ் அறவாரியம் உருவானது. அது செய்வது பெரிய காரியம். ஆனாலும் விழுவதற்கு முன்பே அந்தப் பையனைப் பிடிக்க வேண்டாமா? நம் பிரத்தியேக வகுப்புகள் எஸ்பிஎம் நெருங்கும்போதுதான் சூடுபிடிக்கின்றன. வழிகாட்டும் வேலை முதலாம் படிவத்துக்கு முந்தைய புகுமுக வகுப்பிலேயே, அல்லது முதலாம் படிவத்திலேயே தொடங்கியாக வேண்டும்.

ஆளுக்கும் பஞ்சமில்லை. பொந்தியானுக்கு ஒருபக்கம் ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். மறுபக்கம் பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம். இரண்டிலும் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். சனிக்கிழமை காலையில் ஒரு கோயில் மண்டபத்தைத் திறந்துவிட்டு, ஓர் அண்ணனுக்கோ அக்காவுக்கோ மூன்று பிள்ளைகள் என்று ஒப்படைக்கலாம். பாடம் நடத்துவது அப்புறம்; முதலில் அந்த நோட்டை வாங்கிப் பார்க்கட்டும்.