சொல்லை அடுக்கும் கணினி

ஒரு சொல் இரண்டு, மூன்று, நான்கு முறை வரை அடுக்கி வரலாம் என்று நன்னூல் வரம்பு கட்டுகிறது. கணினிக்கு அந்த வரம்பு கிடையாது. கடைச் சீட்டில் மொத்தத் தொகைக்கு மேலே சிறு கோடுகள் வரிசையாக நிற்பதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். ஒரு கோட்டை இத்தனை முறை அடுக்குக என்று எவரோ ஆணையிட்டிருக்கிறார். எழுத்துக்களின் கோவையைச் சரம் என்பர். சரத்தை அடுக்கும் அந்தச் சிறிய ஆணையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

கணினிக்கு ஆணையிடும் மொழி ஒவ்வொன்றுடனும், பலருக்கும் வேண்டிய செயல்களை முன்னரே எழுதிவைத்த தொகுதி ஒன்று வருகிறது. அதற்குச் செந்தர நூலகம் என்று பெயர். பைதான் மொழியில் சரத்தை ஓர் எண்ணால் பெருக்கினாலே அது அடுக்கப்பட்டுவிடும். 1995-இல் வெளிவந்த ஜாவா மொழியிலோ, 'ரிபீட்' என்னும் செயல் 2018-இல், 11-ஆம் பதிப்பில்தான் நூலகத்தில் இடம்பெற்றது. அதுவரை அவரவர் தாமே எழுதிக்கொண்டனர். அல்லது பிறர் எழுதியதை இரவல் பெற்றனர்.

இவ்வளவு எளிய செயலுக்கு நூலகம் எதற்கு என்று கேட்கலாம். ஜாவாவில் ஒரு முறை ஆக்கிய சரத்தை மாற்ற இயலாது. ஆகவே, ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால், ஒவ்வொரு முறையும் பழைய சரம் முழுவதையும் மீண்டும் படியெடுக்க வேண்டும். இரண்டெழுத்துச் சரத்தை இவ்வாறு 1000 முறை அடுக்கினால், படியெடுக்கும் எழுத்துக்கள் 10 இலட்சத்தைத் தாண்டும். முடிவில் கிடைப்பதோ 2000 எழுத்துக்களே! நூலகத்தின் வழி வேறு. ஒன்றை இரண்டாக்கும்; இரண்டை நான்காக்கும்; நான்கை எட்டாக்கும்; கடைசியில் குறைவதை மட்டும் நிரப்பும். பத்தே படிகளில் வேலை முடிந்துவிடும்.

எண்ணிக்கை பூச்சியத்துக்குக் கீழே போனால் என்ன செய்வது? பைதான் வெறுஞ் சரத்தைத் தருகிறது. ஜாவா பிழையென்று மறுக்கிறது. எது நேரும் என்பதை நூலகம் முன்கூட்டியே சொல்லிவைக்கிறது. அவசரத்தில் நாமே எழுதும் நிரலில் அந்த உறுதி இருப்பது அரிது.

இரவலுக்கும் ஓர் ஆபத்து உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில், சரத்தின் இடப்புறத்தை வேண்டிய அளவு நிரப்பும் 'லெஃப்ட் பேட்' என்னும் நிரல் இருந்தது. பதினொரே வரிகள்தாம். 2016 மார்ச்சில் அதன் ஆசிரியர் அதனைப் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கினார். உடனே, அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான நிரல்களைக் கட்டும் பணி உலகெங்கும் தடைப்பட்டது. 2017-இல் அச்செயல் அம்மொழியின் செந்தரத்திலேயே சேர்க்கப்பட்டது.

எல்லாருக்கும் வேண்டிய பொருள், அது எத்துணைச் சிறிதாயினும், பொறுப்பான பொது இடத்தில் இருத்தல் நன்று. ஆதலின், நிரல் கற்கப் புகும் இளைஞர்கள், தாமே எழுதுமுன்னும் இரவல் கேட்குமுன்னும், தம் மொழியின் நூலகத்தை ஒரு முறை திறந்து பார்ப்பார்களாக.