ரசீதில் ஒரு வரி: செஞ்சியில் கட்டும் நூலக வரி போகும் வழி

அரையாண்டுச் சொத்துவரியைக் காலத்தோடு கட்டுவோருக்கு 5 சதவீத ஊக்கத்தொகை (உச்சவரம்பு ரூ.5,000) கிடைப்பதற்கான கெடு அக்டோபர் 31-இல் முடிகிறது. அதையொட்டி இவ்விதழுக்கு வந்த கடிதங்களில் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப எழுகின்றன: நூலகத்தின் வாசலையே மிதிக்காதவர் ஏன் நூலக வரி கட்ட வேண்டும்? செஞ்சியில் கட்டிய பணத்தில் செஞ்சிக் கிளை நூலகத்துக்கு எவ்வளவு வந்து சேருகிறது? இரவில் வெளியே வராதவரும் தெருவிளக்குக்குப் பணம் கொடுக்கிறார் என்பதே முதல் கேள்விக்குப் போதுமான விடை. இரண்டாவது கேள்விக்கு அப்படி ஒரு வாக்கியத்தில் விடை சொல்ல முடியாது.

நூலக வரி என்பது தனியாக மதிப்பிடப்படும் வரி அன்று. சொத்துவரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 காசு என்ற கணக்கில் அதன் தலைமேல் ஏற்றப்படும் மேல்வரி. ஒரு வீட்டுக்கு அரையாண்டுச் சொத்துவரி ரூ.1,000 என்றால் நூலகத்துக்கென ரூ.100, ஆண்டுக்கு ரூ.200 சேரும். வரியை விதிக்கும் அமைப்பாகச் சட்டம் குறிப்பிடுவது மாவட்ட அளவில் இயங்கும் நூலக ஆணைக்குழுவை. ஆனால், பெயரில் ஆணையைத் தாங்கிய இந்தக் குழுவுக்குத் தான் விதித்த வரியை வீடு வீடாக வசூலிக்க ஆளும் இல்லை, கவுன்ட்டரும் இல்லை. அந்த வேலையைப் பேரூராட்சியும் நகராட்சியும் ஊராட்சியும் தத்தம் வரியோடு சேர்த்துச் செய்து, வசூலானதை ஆணைக்குழுவின் நூலக நிதிக்குச் செலுத்த வேண்டும் என்பதே ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டின் வேர் 1948-இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகங்கள் சட்டத்தில் இருக்கிறது. நூலகத்தைக் கொடையாளரின் தயவிலிருந்து விடுவித்துச் சட்டத்தின் கடமையாக்க வேண்டும் என்று சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் நெடுங்காலம் வாதாடிவந்தார், தி.சு.அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது அந்த வாதம் சட்டமாயிற்று. விடுதலைக்குப் பின் இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டமும் இதுவே. அன்று ரூபாய்க்கு அரை அணா, அதாவது ஏறத்தாழ 3 காசாகத் தொடங்கிய வரி, பிறகு 5 காசாகி, இப்போது 10 காசாக நிற்கிறது. சென்னை நகரம் நீங்கலாக ஒவ்வொரு ஆணைக்குழுவுக்கும், வசூலான வரிக்குக் குறையாத தொகையை அரசும் ஆண்டுதோறும் தர வேண்டும் என்று அச்சட்டம் எழுதிவைத்தது.

நூலகத்தை வீட்டோடு முடிச்சுப் போட்டதில்தான் இச்சட்டத்தின் சாமர்த்தியம் இருக்கிறது. புதிய தெரு உருவானாலும் கூரை வீடு மாடி வீடானாலும் எவருடைய சிபாரிசும் இன்றி நூலகத்தின் பங்கு தானாகவே வளர்கிறது. வீட்டின் பரப்புக்கு ஏற்ப 2022-இல் சொத்துவரி உயர்த்தப்பட்டபோது, ‘நூலக வரி உயர்வு’ என்ற அறிவிப்பு இல்லாமலேயே நூலக வரியும் கூடவே ஏறியது இப்படித்தான். நிதிநிலை அறிக்கையில் முதலில் வெட்டுக்கு உள்ளாகும் இனங்களில் ஒன்றான நூலகத்துக்கு இதைவிடப் பாதுகாப்பான வருவாயைக் கற்பனை செய்வது கடினம்.

அந்தப் பாதுகாப்பு வசூல் கவுன்ட்டரோடு முடிந்துவிடுவதுதான் சிக்கல். பேரூராட்சியின் கைக்கு வரும் நூலக வரி பேரூராட்சியின் வருவாய் அன்று. வேறொருவர் பொருட்டு வாங்கி வைத்த பணம். ஆனால், சம்பளமும் மின்கட்டணமும் நெருக்கும் மாதங்களில் அடுத்தவர் பணத்தைத் தள்ளிவைப்பதே உள்ளாட்சிகளுக்கு எளிது என்பதால், நூலக வரி நிலுவை என்பது தமிழ்நாட்டில் பல்லாண்டுகளாகத் தீராத வழக்காக நீடிக்கிறது. நூலகத்தில் ஒரு நாவலை எடுத்துச் சென்றால், அதன் உள்ளட்டையில் ஒட்டிய தாளில் திருப்ப வேண்டிய தேதி முத்திரையாக விழுகிறது, தவறினால் அபராதமும் உண்டு. வரி கட்டத் தவறும் வீட்டுக்காரருக்கோ மாதம் 1 சதவீதம் வட்டி. வீட்டுக்காரர் கட்டிய அந்த ரூ.100 ஆணைக்குழுவுக்கு எந்தத் தேதியில் போய்ச் சேர்ந்தது என்பதைக் காட்டும் முத்திரை மட்டும் அவர் பார்க்கும் எந்தத் தாளிலும் இல்லை.

சேர்ந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டாலும், அது செஞ்சிக்குத் திரும்ப வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. முன்பு தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைநகரான கடலூருக்கும், 1993-இல் மாவட்டம் பிரிந்த பிறகு விழுப்புரத்துக்கும் போகும் பணம் மாவட்டம் முழுமைக்குமான பொதுநிதியில் கலந்துவிடுகிறது. வசதியான ஊரின் வரியில் வசதியற்ற ஊருக்கும் நூலகம் கிடைக்க வேண்டும் என்ற நோக்கில் இது நியாயமே. ஆயினும் களஞ்சியம் ஓரிடத்திலும் சாவி வேறிடத்திலும் இருக்கும்போது, அளந்து போட்டவருக்குக் கணக்கு மட்டுமாவது தெரிய வேண்டும். நூல் தேர்விலும் இதே நிலைதான்: பெரும்பகுதிக் கொள்முதல் சென்னையில் உள்ள பொது நூலக இயக்ககத்தின் வழியே நடக்கிறது. செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் மராட்டிய ராணுவக் கட்டமைப்புகளின் 12 கோட்டைகளுள் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது, ஆனால், சி.எஸ்.சீனிவாசாச்சாரி எழுதி அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943-இல் வெளியிட்ட செஞ்சி வரலாற்று நூல் கோட்டையின் அடிவாரத்து ஊர் நூலகத்தில் இருக்க வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அவ்வூரிடம் இல்லை.

அரசுக் குறிப்புகளில் வரும் ‘உறுப்பினர்’ என்ற சொல்லையும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். அது அட்டை பெற்றவரைக் குறிக்குமே தவிர, அவர் கடைசியாக எப்போது நூல் எடுத்தார் என்பதைச் சொல்லாது. ஒரு கிளை நூலகத்தின் உண்மையான பணியை அறிய வருகைப் பதிவேடே நம்பத்தக்கது: காலையில் நாளிதழுக்கு வரும் ஓய்வூதியர்களும், குரூப் 4 தேர்வுக்காக வீட்டில் கிடைக்காத மேசையையும் மின்விசிறியையும் அமைதியையும் தேடி வரும் இளைஞர்களுமே அதன் பக்கங்களை நிரப்புகிறார்கள். இரவல் கொடுத்த நூல்களை மட்டும் எண்ணினால் இந்தப் பயன் கணக்கில் வராமலே போய்விடும்.

எஞ்சிய கேள்விகள்:

நூலகத்தைப் பயன்படுத்தாதவருக்கு வரிவிலக்கு உண்டா? இல்லை.

கிராமங்களிலும் இந்த வரி உண்டா? உண்டு, ஊராட்சி வீட்டுவரியோடு சேர்த்து வசூலிக்கப்படுகிறது.

கிராமத்தில் பூட்டிக் கிடக்கும் அண்ணா மறுமலர்ச்சித் திட்ட நூலகமும் இந்த ஆணைக்குழுவைச் சேர்ந்ததா? இல்லை, 2006-இல் தொடங்கிய அத்திட்டத்தின் நூலகங்கள் ஊரக வளர்ச்சித் துறையின் கீழ் ஊராட்சிகளிடம் உள்ளன.

‘புரவலர்’ என்பவர் யார்? நூலகத்துக்கு ரூ.1,000 நன்கொடை அளித்தவர். அதற்காக அவருடைய நூலக வரி குறையாது.

கோட்டை நுழைவுக் கட்டணத்தில் நூலகத்துக்குப் பங்கு உண்டா? இல்லை, அது தொல்லியல் துறை வழியாக ஒன்றிய அரசுக்குப் போகிறது.

கட்டிய வரி போய்ச் சேர்ந்ததா என்று எப்படி அறிவது? தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ரூ.10 கட்டணத்துடன் பேரூராட்சியிடமும் மாவட்ட நூலக ஆணைக்குழுவிடமும் ஒரே ஆண்டுக்கான கணக்கைத் தனித்தனியே கேட்டு, வசூலித்ததாக ஒருவர் தரும் தொகையையும் வந்ததாக மற்றவர் தரும் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே வழி.